பாட்டுக்கும் படத்துக்குமான தேர்வுக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்தவரை மனித குலம் இத்தனை காலமாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. அப்படி என்ன செய்துவிட்டார் அவர்? இரண்டு கல்லை எடுத்தார், உரசினார், பற்றிக்கொண்டது. அவ்வளவுதான். அதைவிடத் தரமான கல் பக்கத்துக் குகையில் கிடைக்கிறதா என்று விசாரித்தாரா? குளிர்காய ஒரு நெருப்பு, சமைக்க ஒரு நெருப்பு என்று தனித்தனியாக வேண்டுமா, இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே போதுமா என்று ஆராய்ந்தாரா? மாதிரி நெருப்பு மூன்று வரவழைத்து ஒப்பிட்டாரா? ஒரு குழு உண்டா, ஒரு குறிப்பு உண்டா? ஒன்றும் கிடையாது. ஆள் அவசரக்காரர். அந்த அவசரத்தில்தான் நாம் இன்றுவரை விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம்.

மனித குலம் உண்மையில் பெருமைப்பட வேண்டியவர் வேறொருவர். ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கொள்முதல் பிரிவில், கண்காணிப்பாளராக இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோரும் அவரை 'மறுபரிசீலனை' என்றுதான் சொல்வார்கள். மேசைக்கு வரும் எந்தக் கோப்பாக இருந்தாலும் பச்சை மையில் அந்த ஒரு சொல்லை எழுதி, அடியில் கோடு போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருடைய பணிக்காலத்தில் அந்த அலுவலகத்துக்குள் தரமற்ற பொருள் ஒன்றுகூட நுழைந்ததில்லை. பொருளே நுழைந்ததில்லை என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் வாங்க ஆறு வருடம் ஆராய்ந்தார். அந்த ஆறு வருடமும் ஊழியர்கள் மணி என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில் பிரிவுக்குள் ஒற்றுமை வளர்ந்தது. இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டில், ஒரு சாயங்கால வேளையில், அவருடைய மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் ஓடி வந்தாள். இரண்டு வருடமாக ஒலிப்பதிவுக் கூடங்களில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக நின்று 'ஆ' சொல்லிக்கொண்டிருந்த பெண்.

"அப்பா, என் பாட்டு வெளியாயிடுச்சு. நான் மட்டும் தனியா பாடினது. படத்துல வருது," என்று போனை நீட்டினாள்.

மறுபரிசீலனை பேப்பரை மடித்து வைத்தார். போனைப் பார்த்தார். புரட்டி அதன் முதுகையும் பார்த்தார்.

"இதுல எங்கேர்ந்து சத்தம் வருது?"

"அடியில, அந்த ஓட்டை வழியா."

"உன் முதல் பாட்டு. அத எறும்பு போற ஓட்டை வழியா கேக்கச் சொல்றியா?"

"நாலு நிமிஷம்தான்ப்பா."

"நாலு நிமிஷமோ நாப்பது நிமிஷமோ, முதல் தடவை கேக்கறது ஒரு தடவைதான். அத வீணாக்கிட்டா திரும்ப வராது. முறையா கேப்போம்."

மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கேட்க வந்தது பாட்டைப் பற்றி மட்டும் இல்லை. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வெளியூர் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று அவளை நிரந்தரமாக வரச் சொல்லியிருந்தது. அவர்களுடைய புதுக் கூடம் கட்டி முடிய மூன்று மாதம் ஆகும். மூன்றாம் மாதம் முப்பதாம் தேதி, மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், மறுபரிசீலனை தனக்குத் தெரிந்தவர் மூலம் அவளுக்காக ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சொல்லி வைத்திருந்த வேலையும் தயாராக இருந்தது.

"எனக்கு எதுன்னு தெரியலப்பா. பயமா இருக்கு. நீங்க கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. போன்னா போறேன். வேணாம்னா காப்பீட்டுல சேந்துடறேன். உங்க காதுக்கு நான் பாடகியா இல்லையா, அது தெரிஞ்சா போதும்."

மறுபரிசீலனைக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடப் பணியில் அவரிடம் எல்லோரும் கையெழுத்துதான் கேட்டிருக்கிறார்கள். கருத்து என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பெற்ற பெண் கேட்கிறாள். இதை ஏனோதானோ என்று செய்துவிட முடியுமா?

"படத்துல பாட்டு எந்த இடத்துல வருது?" என்று கேட்டார்.

"கடைசியில. பாட்டு முடியற எடத்துல ஒரு பாலம் வெடிக்கும்," என்றாள் அந்த அறியாப் பெண்.

அந்தப் பாலத்தைப் பற்றி அவள் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்மானம் நிறைவேறியது. பாடல் படத்துக்குள் இருப்பதாலும், பாலம் பாடலை ஒட்டியே வெடிப்பதாலும், பாட்டுக்கு மட்டும் ஏற்ற ஸ்பீக்கரில் கேட்டால் பாலத்துக்கு அநீதி. படத்துக்கு மட்டும் ஏற்ற ஸ்பீக்கரில் கேட்டால் மகளுக்கு அநீதி. ஆகவே இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒலிபெருக்கியைக் கண்டறிய மூன்று உறுப்பினர் கொண்ட தேர்வுக் குழு அமைக்கப்படுகிறது. தலைவர், மறுபரிசீலனை. தொழில்நுட்ப உறுப்பினர், மாடி வீட்டுப் பொறியாளர். அவர் குடிநீர்க் குழாய்ப் பொறியாளர் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை, ஒலியும் ஓடுவதுதானே. மூன்றாவது உறுப்பினர், மனைவி. "எனக்கு அடுப்புல வேலை இருக்கு," என்று அவள் சொன்னது ஒப்புதலாகப் பதிவு செய்யப்பட்டது.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஒலிபெருக்கி இறுதி செய்யப்படும் வரை மேற்படி பாடலை இவ்வீட்டு எல்லைக்குள் எக்கருவியிலும் ஒலிக்கச் செய்யலாகாது.' கீழே பச்சைக் கையெழுத்து.

மனைவி அதைப் படித்தாள். பெட்டிக்குள்ளிருந்து பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். பிறகு போனை ஒரு காலிப் பாத்திரத்துக்குள் நிறுத்தி வைத்து, பாட்டைப் போட்டு, காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். பாத்திரம் கணீரென்று பாடியது. குளித்துவிட்டு வந்த மறுபரிசீலனை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினார்.

"என்னங்க, காது வலியா?"

"இல்ல. நான் இன்னும் கேக்கல."

"கேட்டதாலதானே ஓடறீங்க?"

"அது முறைப்படி கேட்டதா ஆகாது."

அலுவலக வாசலில் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். "உங்க பொண்ணு பாட்டு கேட்டேன் சார். மனசு என்னமோ பண்ணிடுச்சு."

"எதுல கேட்டீங்க?"

"பஸ்ல போட்டாங்க சார்."

"பஸ்ல எத்தனை ஸ்பீக்கர்?"

"டிரைவர் தலைக்கு மேல ஒண்ணு."

"அப்ப உங்க கருத்த இப்போதைக்கு எடுத்துக்க முடியாது," என்று சொல்லிவிட்டு, மிகுந்த வருத்தத்துடன் படியேறினார்.

அந்த வாரக் கடைசியில் குழு முதன்முதலாகக் களமிறங்கியது. ஊரிலேயே பெரிய ஸ்பீக்கர் கடை. உள்ளே ஒரு கண்ணாடி அறை. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குத் தொந்தரவாகக் கேட்கும். நடுவில் ஒரு சோபா. விற்பனையாளர் கழுத்துப் பட்டை கட்டிய ஒல்லியான மனிதர், நல்லவர். பாவம், அந்த மூன்று மாதத்தில் இன்னும் ஒல்லியாகிவிட்டார்.

"எதுக்கு சார் வேணும்? பாட்டுக்கா, படத்துக்கா?"

"ரெண்டுக்கும்."

விற்பனையாளர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "பாட்டுக்குன்னா ரெண்டு போதும் சார். இடது ஒண்ணு, வலது ஒண்ணு. படத்துக்குன்னா அஞ்சு. கூட சத்தம் அதிரறதுக்கு ஒரு பெரிய பெட்டி. சுத்தி வச்சுட்டா முதுகுக்குப் பின்னால குதிரை ஓடற மாதிரியே இருக்கும்."

"பாட்டு கேக்கும்போது அந்தக் குதிரை எங்க போகும்?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். "சும்மா நிக்கும் சார்."

"சும்மா நிக்கற குதிரைய வீட்ல கட்டி வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் மறுபரிசீலனை. தொழில்நுட்ப உறுப்பினர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

முதலில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு ஜோடியைப் போட்டுக் காட்டினார்கள். வயலின் இழைந்து வந்தது. ஒரு பெண் பாடினாள், மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. குழு தலையாட்டியது. அடுத்து குண்டு வெடித்தது.

"இந்தக் குண்டுக்குத் தன்னம்பிக்கை இல்ல," என்றார் தலைவர். "வெடிச்சிட்டு மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு."

அடுத்து ஐந்து ஸ்பீக்கரும் பெரிய பெட்டியும். இதில் குண்டு வெடித்தபோது பொறியாளர் சோபாவிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டார். எல்லோருக்கும் பரம திருப்தி. ஆனால் குண்டுக்கு முன்னால் ஒரு கதாபாத்திரம் சாகும் தறுவாயில் ஏதோ முணுமுணுத்தது.

"அந்த ஆள் என்ன சொன்னார்?"

"கொலை பண்ணது யாருங்கற ரகசியத்த சொன்னார் சார்."

"யாராம்?"

"அது எந்த ஸ்பீக்கர்லயும் கேக்காது சார். இப்பல்லாம் பேசறது கேக்காது, வெடிக்கறதுதான் கேக்கும். படத்துலயே அப்படித்தான் வைக்கறாங்க."

மூன்றாவதாக, டிவிக்கு அடியில் வைக்கிற நீளமான ஒற்றைப் பெட்டி. இதில் பாட்டும் உண்டு, படமும் உண்டு, இடமும் அடைக்காது என்று விற்பனையாளர் ஆசையாகச் சொன்னார். "ஒரே பெட்டிக்குள்ள பத்து வாத்தியக்காரங்களும் ஒரு பாலமும்னா நெரிசல்ல யாராவது மிதிபடுவாங்க," என்று அதையும் நிராகரித்தார் தலைவர்.

இப்படி ஒன்பது வாரக் கடைசிகள். நாற்பத்தோரு ஜோடிகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். காதில் விட்டுக்கொண்டு கேட்ட ஒரே மனிதர் இவர்தான். ஒவ்வொன்றுக்கும் வயலின் இத்தனை மதிப்பெண், மழை இத்தனை, கண்ணாடி உடைவது இத்தனை, குண்டு இத்தனை என்று குறிப்பேடு நிரம்பியது. எந்தப் பாட்டையும் அரை நிமிடத்துக்கு மேல் அவர் கேட்கவில்லை. அரை நிமிடத்துக்கு மேல் போனால் பாட்டுக்குள் மனம் போய்விடும், ஸ்பீக்கர் காதிலிருந்து நழுவிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஐந்தாவது வாரம் பொறியாளர் ஒரு புதுச் செய்தியோடு கீழே இறங்கி வந்தார். "ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல சார். உங்க ஹால்தான் தப்பு. எதிரொலி இருக்கு." ஹாலின் நான்கு மூலையிலும் நின்று கையைத் தட்டித் தட்டிக் காட்டினார். தலைவரும் கூடவே தட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கொசுவா?"

"எதிரொலி."

"மருந்து அடிச்சா போயிடுமா?"

மருந்து அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசை படுக்கையறைக்குப் போனது. படுக்கையறை அலமாரி மகளின் அறைக்குப் போனது. மகளின் கட்டில் நிமிர்ந்து சுவரோடு நின்றது. ஜன்னலுக்குக் கனத்த திரை, தரைக்குக் கம்பளம். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லோரும் படுக்கையறைக் கட்டில் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கையைத் தட்டினால் ஈரத் துணியில் தட்டினது மாதிரி சத்தம் வந்தது. தலைவர் அதைக் கேட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சும் எதிரொலிக்கவில்லை.

மகள் பொறுமையாகத்தான் இருந்தாள். ஒன்பதாவது வாரம் தானும் கடைக்கு வருகிறேன் என்று கிளம்பினாள். கண்ணாடி அறைக்குள் போனதும் அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அப்பா, இங்கயே போட்டுடட்டுமா? இத்தனை ஸ்பீக்கர் இருக்கு. நாலே நிமிஷம்."

"கடையிலயா?"

"இன்னும் மூணு வாரம்தான் இருக்குப்பா. அவங்க நேத்து மறுபடி கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லு."

"உங்களுக்குக் கேக்கப் பிடிக்கலயா?"

மறுபரிசீலனை கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, பாட்டரி மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இதை வெளியே சொல்வது அவருக்குப் பிடிக்காது. அவருக்குப் பயமாக இருந்தது. சொந்த மகளின் பாட்டு நன்றாக இல்லாமல் போய்விட்டால்? அதை அவள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? நன்றாக இருந்துவிட்டாலோ அதைவிட மோசம். 'போ' என்று சொல்ல வேண்டும், அவள் போய்விடுவாள். இரண்டில் எதைச் சொன்னாலும் தப்பாகப் போக வாய்ப்பு உண்டு. நிலுவையில் இருக்கிற கோப்பு மட்டும்தான் தப்பே செய்யாது. முப்பது வருடமாக அவர் கற்றுத் தேர்ந்த வித்தை அது. மகளிடம் அதைக் காட்ட வேண்டி வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு கடைகளைப் பட்டியலில் சேர்த்தார்.

கடைசியில் முடிவு எப்படி வந்தது என்பதை வரலாறு பதிவு செய்தாக வேண்டும். பன்னிரண்டாவது வாரம் விற்பனையாளர் குழுவைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, "இப்பதான் வந்து இறங்கியிருக்கு சார். இன்னும் யாருக்கும் காட்டல," என்று ஒரு ஜோடியைக் காட்டினார். சாம்பல் நிறத் துணி. வயலின் ஒலித்தது. மழை பெய்தது. கண்ணாடி உடைந்தது. குண்டு வெடித்தது.

மறுபரிசீலனை எழுந்து நின்றார். "இதுல ஒரு முதிர்ச்சி தெரியுது," என்றார். "குண்டுகூட நிதானமா வெடிக்குது."

"அழுத்தம் இருக்கு, அகம்பாவம் இல்ல," என்றார் பொறியாளர்.

பத்துக்கு ஒன்பது. ஒருமனதாகத் தேர்வு. விற்பனையாளர் அவர்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வந்ததும், முதல் வாரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெடித்த அதே ஜோடியின் கறுப்புத் துணியை மடித்து அலமாரியில் வைத்தார். அவர் மேல் நாம் குற்றம் சொல்ல மாட்டோம். அவருக்கும் வீடு, குடும்பம் என்று இருக்கிறது.

ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள், முப்பதாம் தேதி. மணி நாலு.

விற்பனையாளரே நேரில் வந்து பொருத்தினார். அளவு நாடா பிடித்தார்கள். கம்பளத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனையில் இருக்க வேண்டும், அப்போதுதான் பாட்டு நடுவில் வந்து நிற்கும் என்பதால், ஹாலுக்கு நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி போடப்பட்டது. அதில் மறுபரிசீலனை உட்கார்ந்தார். மற்றவர்கள் உட்கார்ந்தால் சத்தம் அவர்கள் மேல் பட்டுத் திரும்பும் என்பதால் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். மகள் டிவிக்குப் பக்கத்தில், கையில் போனோடு நின்றாள். ஐந்து மணிக்கே அவள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தலைவர் சுருக்கமாகப் பேசினார். இருபது நிமிடம்.

பிறகு முறைப்படி முதலில் பாலத்தை வெடிக்கவிட்டுப் பார்த்தார்கள். கீழ் வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். அதுவும் தெளிவாகக் கேட்டது என்று பதிவாயிற்று. மணி ஐந்தே முக்கால்.

"ம், இப்பப் போடும்மா," என்றார் மறுபரிசீலனை. கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது.

போனிலும் பஸ்ஸிலும் பாத்திரத்திலும் எத்தனையோ பேர் கேட்டுவிட்ட பாட்டுதான். ஆனால் அந்த ஹாலில், அந்தத் திரைக்கும் கம்பளத்துக்கும் நடுவில், அது வேறு மாதிரி இருந்தது. வயலின்கள் மெதுவாக விலகிக் கொடுக்க, ஒரு பெண் அறைக்குள் வந்து நிற்பது போல அந்தக் குரல் வந்து நின்றது. மூன்று மாதம் தேடியது வீண்போகவில்லை. உண்மையைச் சொன்னால், அது நல்ல ஸ்பீக்கர். பொறியாளர்கூடக் குறிப்பேட்டை மூடிவிட்டார். விற்பனையாளர் தன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மனைவிக்கு எத்தனையாவது தடவையோ கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மகள் பாட்டைக் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய புருவம் அசைந்தது. தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. அவருக்குள் ஏதோ நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. 

பாட்டு முடிந்தது. மறுபரிசீலனை கண்ணைத் திறந்தார். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டாவது சரணம் முடியற எடத்துல," என்றார், "இடது ஸ்பீக்கர் லேசா நடுங்குது."

பொறியாளர் குறிப்பேட்டைத் திறந்தார். "எனக்கும் பட்டுது சார். சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்."

விற்பனையாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இருக்காதே சார், எல்லாம் பார்த்துத்தானே..."

"அது ஸ்பீக்கர் இல்லப்பா," என்றாள் மகள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது நான்தான். அந்த எடம் பாடும்போது உங்கள நெனச்சுக்கிட்டேன். குரல் உடைஞ்சிடுச்சு. மறுபடி பாடறேன்னு சொன்னேன், இசையமைப்பாளர் விடல. அது அப்படியே இருக்கட்டும்னுட்டார். அந்த ஒரு எடத்துக்காகத்தான்பா அவங்க என்னை வரச் சொல்றாங்க."

ஹாலில் சத்தமே இல்லை. எதிரொலியும் இல்லை. மறுபரிசீலனை மகளைப் பார்த்தார். ஏதோ சொல்லவேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. உதடு பிரிந்தது. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட இல்லாத அளவுக்கு அவர் ஒரு முடிவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அதுக்கென்னம்மா, கவலைப்படாத," என்றார் அவர், ரொம்பப் பிரியமாக. "ரிமோட்ல சரி பண்ணிடலாம்."

சரி செய்தார்கள். குரல் வருகிற பகுதியை மட்டும் விற்பனையாளர் நாலு புள்ளி இறக்கினார். போதவில்லை, இன்னும் மூன்று இறக்கினார். அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். வயலின்கள் அற்புதமாக ஒலித்தன. நடுக்கம் அறவே போய்விட்டது; பாடியவளும் எங்கேயோ போய்விட்டாள். பின்னாலேயே பாலம் கம்பீரமாக வெடித்தது.

"இப்பப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு," என்று மறுபரிசீலனை திரும்பியபோது மகள் அங்கே இல்லை. அலமாரிக்கும் நிறுத்திவைத்த கட்டிலுக்கும் இடையில் ஒடுங்கி நின்றுகொண்டு, கதவைச் சாத்தாமலே, போனில் பேசிக்கொண்டிருந்தாள். "வர்றேன் சார். இல்ல, வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லல. நாளைக்குக் காலைல கிளம்பிடறேன்." மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கப் போய்விட்டாள். 

ஹாலில் விற்பனையாளர் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். பொருத்தும் பணி முடிந்ததற்கு வாடிக்கையாளர் எழுதித் தரும் சான்று. மறுபரிசீலனை பச்சைப் பேனாவைத் திறந்தார். தன் பணிக்காலத்திலேயே முதன்முறையாக, எதையும் திருப்பி அனுப்பாமல், நிலுவை வைக்காமல், அன்றைக்கே முழுதாகப் பூர்த்தி செய்தார்.

கருவி பாட்டுக்குப் பொருந்துகிறதா? ஆம். படத்துக்குப் பொருந்துகிறதா? ஆம். ஏதேனும் குறை தென்பட்டதா? ஆம். குறையின் விவரம்: மகளின் குரல். எடுக்கப்பட்ட நடவடிக்கை: நீக்கப்பட்டது.